காலி மாதத்துக்குச் செடி வாங்குங்கள்

கேள்வி: மதில் ஓரமாக 20 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பாத்தி போட்டிருக்கிறேன் அம்மா. வருடா வருடம் விதை போட்டுப் பிடுங்குவது என்னால் ஆகாது. பல வருடம் நிற்கும் செடிகளாக இருக்கட்டும் என்று நர்சரியில் பூத்துக் குலுங்கியவற்றை வாங்கி வந்து நட்டேன். இரண்டு மாதம் கண்ணைப் பறித்தது. இப்போது ஒரே பச்சை. வருடம் முழுக்கப் பூ இருக்க எந்தச் செடி வாங்கலாம்?

பதில்: நீங்கள் வாங்கிய செடிகள் மேல் குற்றமே இல்லை. ஒரே நாளில் போய், அன்றைக்குப் பூத்திருப்பதை மட்டும் வாங்கினால் பெரும்பாலும் ஒரே பருவத்துச் செடிகளாகத்தான் வந்து சேரும். சேர்ந்து பூக்கும், சேர்ந்தே ஓயும். அதனால் ‘எந்தச் செடி’ என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ‘எந்த மாதம்’ என்று கேளுங்கள்.

ஒரு தாளில் 12 கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் பாத்தியில் எது பூத்திருக்கிறதோ அதை அந்தக் கட்டத்தில் எழுதி வந்தால் போதும். வருடக் கடைசியில் சில கட்டங்கள் எழுத இடமில்லாமல் நிரம்பியிருக்கும், சில காலியாக நிற்கும். செடி வாங்க வேண்டியது அந்தக் காலிக் கட்டங்களுக்கு. ஒரு வருடம் பொறுக்க முடியாது என்றால், பாத்தி வெறிச்சென்று கிடக்கும் மாதத்தில் காலாற நடந்து போய், அக்கம்பக்கத்து மதில்களுக்கு மேலே எது பூத்துத் தலைநீட்டுகிறது என்று பாருங்கள். உங்கள் மண்ணிலும் உங்கள் வெயிலிலும் அந்த மாதத்தில் அது பூக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நர்சரி அட்டையில் அச்சடித்த படத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நீங்கள் இருப்பது கடுங்குளிர் இல்லாத பகுதி என்று எடுத்துக்கொள்கிறேன். பாத்தியில் பாதியை, ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பூத்துக்கொண்டே இருக்கும் செடிகளுக்கு விட்டுவிடுங்கள். பின்வரிசையில் நந்தியாவட்டை, நடுவில் இட்லிப்பூ, லேசாக நிழல் விழும் இடத்தில் கனகாம்பரம், முன்னால் தண்ணீர் தேங்காத இடத்தில் நித்திய கல்யாணி. இவற்றைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கப் போவதில்லை. ஆனால் மற்றவை ஓய்ந்து கிடக்கும்போது பாத்தியைக் காப்பாற்றுவது இவைதான்.

மீதிப் பாதி பருவச் செடிகளுக்கு. கோடைக்கு மல்லிகை, மழைக்கு மழை லில்லியும் செங்காந்தளும், பனிக்கு டிசம்பர் பூவும் செவ்வந்தியும். ஒரு பருவத்துச் செடிகளை ஒரே மூலையில் குவிக்காதீர்கள். பருவம் முடிந்ததும் அந்த மூலை மொட்டையாகிவிடும். மூன்று அல்லது ஐந்து செடிகளைக் கூட்டமாக வைத்து, அந்தக் கூட்டங்களைப் பாத்தி நெடுகப் பிரித்து நடுங்கள். ஒற்றைச் செடியாக நட்டால் பூத்தாலும் கண்ணில் படாது.

மழை லில்லிக்காகக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் அது வெறும் புல்லாகத்தான் தெரியும். களை எடுக்க வந்தவர் பிடுங்கிப் போட்டாலும் ஆச்சரியமில்லை. காய்ந்து கிடந்த மண்ணில் ஒரு நல்ல மழை இறங்கட்டும். சில நாட்களில் இலைகளுக்கு நடுவே உள்ளே கூடாக இருக்கும் மெல்லிய தண்டு ஒன்று எழும்பும், நுனியில் ஒரே ஒரு மொட்டு. விரிந்தால் ஆறு இதழ். ஒரு பூ ஓரிரு நாள்தான் நிற்கும். ஆனால் மொத்த வரிசையும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றாக எழும்பும்போது அந்த ஓரிரு நாள் போதும். மழை ஏமாற்றினால் சில வாரம் காயவிட்டு, அப்புறம் வேர் வரை நனையத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பல நேரம் பூக்கும். பாத்தியின் முன் விளிம்பு முழுக்க நெருக்கி நடலாம், இடத்தையே அடைக்காது.

செங்காந்தள் மழையோடு முளைத்து, இலை நுனியால் பக்கத்துச் செடியைப் பற்றி ஏறும். நந்தியாவட்டையின் மேல் ஏற்றிவிடுங்கள். பூத்து முடிந்ததும் கொடி காய்ந்து மண்ணுக்குள் கிழங்காக ஒளிந்துகொள்ளும் என்பதால் அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை கொத்தும்போது கிழங்கு இரண்டாகிவிடும். செடி முழுக்க விஷம், கிழங்கு மிகவும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நடவே வேண்டாம்.

இன்னொன்று. ‘வருடம் முழுக்க, 20 அடியும் நிறையப் பூ’ என்ற ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஜெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) என்ற அம்மையார் பூப்பாத்தி போடுவதையே ஒரு கலையாக ஆக்கியவர். அவருடைய பெரிய பாத்தி சுமார் 200 அடி நீளம், 14 அடி அகலம். அதையே அவர் கோடையின் பிற்பகுதிக்கும் இலையுதிர்காலத் தொடக்கத்துக்கும் என்று ஒதுக்கிவிட்டு, மற்ற பருவங்களுக்குத் தோட்டத்தில் வேறு இடங்கள் வைத்திருந்தார். அதிலும் இடையில் ஓட்டை விழுந்தால், தயாராகத் தொட்டியில் வளர்த்த லில்லியையும் ஹைட்ரேஞ்சியாவையும் கொண்டுவந்து நடுவில் இறக்கிவிடுவார். பூத்து முடிந்த செடியின் மேல் பக்கத்துச் செடியை வளைத்துப் படரவிட்டு மறைப்பார். தொட்டி வித்தையை நீங்கள் தாராளமாகச் செய்யலாம். மறைவாக நாலைந்து தொட்டிகள் எப்போதும் மொட்டோடு காத்திருக்கட்டும்.

கேள்வி: மேடம், பனிக்காலத்துக்காக வாசல் பாத்தியில் செவ்வந்தி வைத்தேன். கொல்லைப்புறத்தில் வைத்தது பூத்துவிட்டது. வாசலில் இருப்பது இலையாகவே வளர்கிறது. ஒரே மண், ஒரே உரம். வாசலில் வெயிலும் நன்றாக விழுகிறது.

பதில்: வாசலில் தெருவிளக்கு இருக்கிறதா? எழுதவில்லையே தவிர, இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். செவ்வந்தி பகல் குறுகி இரவு நீளும்போது மொட்டு வைக்கும் செடி. அது உண்மையில் கணக்குப் பார்ப்பது இருட்டை. பகலின் நீளம் பூப்பதை முடிவு செய்யும் என்பதை 1920-இல் கார்னர், ஆலார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்களுக்கு வழி காட்டியது கோடை முழுக்கப் பூக்காமல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகை. நடு இரவில் வெளிச்சம் பட்டால் செவ்வந்திக்கு அது நீண்ட இரவாகக் கணக்கில் வராது. பூ வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே இரவில் விளக்குப் போட்டு அதன் பூப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். உங்களுக்குத் தெருவிளக்கு அதை இலவசமாகச் செய்து தருகிறது!

விளக்கை ஒன்றும் செய்ய முடியாது. செடியை மாற்றுங்கள். செவ்வந்தியை இருட்டான பக்கத்துக்குக் கொண்டுபோய், வாசலில் பருவம் பார்க்காத நித்திய கல்யாணியை வையுங்கள். அப்புறம், செவ்வந்தியின் கொழுந்தைக் கிள்ளி விடுவது கிளை வெடிக்க நல்லதுதான். ஆனால் மொட்டு வைக்கும் காலம் நெருங்கியதும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பூத்த செடியை வெட்ட மனம் வரவில்லை அக்கா. கவாத்து செய்யாமல் விட்டால் என்ன?

பதில்: செடி செத்துப்போகாது, பூதான் குறையும். இட்லிப்பூவும் செம்பருத்தியும் புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டினால்தான் புதுத் தளிர். உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: நாலு இட்லிப்பூ இருந்தால் இரண்டை இப்போது வெட்டுங்கள், இரண்டைச் சில வாரம் கழித்து வெட்டுங்கள். முதல் ஜோடி துளிர்க்கும்போது அடுத்த ஜோடியில் பூ இருக்கும். மாறி மாறிப் பூக்கவும் செய்யும், உங்கள் மனமும் ஆறும். கல்வாழையில் பூத்து முடிந்த தண்டைத் தரையோடு வெட்டிவிடுங்கள், அந்தத் தண்டு இனிப் பூக்காது. பக்கத்துக் கன்று மேலே வரட்டும். நித்திய கல்யாணிக்குக் கத்தரியே வேண்டாம், வாடிய பூவைத் தானே உதிர்த்துவிடும். டிசம்பர் பூவை மட்டும் பூத்து முடிந்த உடனே வெட்டுங்கள். பருவம் நெருங்கும்போது வெட்டினால் மொட்டையும் சேர்த்து வெட்டியதாகிவிடும்.

கேள்வி: நான் இருக்கும் நாட்டில் குளிர்காலம் முழுக்கப் பனி மூடிவிடும். நீங்கள் சொல்லும் செடி ஒன்றும் இங்கே நிற்காது. எனக்கும் தொடர்ந்து பூக்கும் பாத்தி சாத்தியமா?

பதில்: பனி உருகுவதிலிருந்து அடுத்த உறைபனி வரை சாத்தியம். ஒரு வகையில் உங்கள் வேலை சுலபம், அங்கே செடிகள் பூக்கும் வரிசையை அவ்வளவாக மாற்றுவதில்லை. ஸ்னோடிராப் முதலில், பிறகு டாஃபொடில், துலிப், வசந்தம் முடியும்போது பியோனி, கோடையில் டேலில்லி, எக்கினேசியா, ருட்பெக்கியா, கடைசியாகச் செடமும் ஆஸ்டரும். டாஃபொடில், துலிப் குமிழ்களை இலையுதிர்காலத்திலேயே மண்ணில் புதைத்துவிட வேண்டும். வசந்தத்தில் நினைவு வந்து பயனில்லை. அவற்றை டேலில்லிக்கு இடையில் புதையுங்கள். பூத்து முடிந்த டாஃபொடில் இலை தானாக மஞ்சளாகும் வரை வெட்டக்கூடாது, அடுத்த வருடப் பூவுக்கான சத்தை அதுதான் குமிழில் சேர்க்கிறது. அந்த அலங்கோலத்தை டேலில்லியின் இலைகள் வளர்ந்து மூடிவிடும்.

உங்கள் கட்டத்தில் கோடைக்கும் இலையுதிர்காலத்துக்கும் நடுவே ஒரு தொய்வு தெரிந்தால், கோடைத் தொடக்கத்தில் செடம், ஃபிளாக்ஸ் கூட்டங்களில் முன்பக்கத்துத் தண்டுகளை மட்டும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். வெட்டாதவை வழக்கம்போலப் பூக்கும், வெட்டியவை சற்றுக் குட்டையாக, தாமதமாகப் பூக்கும். பியோனியில் இதைச் செய்துவிடாதீர்கள், அந்த வருடப் பூ போய்விடும்.

கேள்வி: தினமும் தண்ணீர், மாதம் தவறாமல் உரம். ஆனாலும் காகிதப்பூ பூக்கவில்லையே?

பதில்: அதனால்தான் பூக்கவில்லை. தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள், மண் நன்றாகக் காய்ந்து இலை லேசாகத் துவளும்போது மட்டும் தண்ணீர் விடுங்கள். அப்புறமும் பூக்காவிட்டால் நிழலைப் பாருங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் அது இலையும் முள்ளுமாகத்தான் நிற்கும்.