தோற்கப் போகிற மேட்சைக் கடைசிவரை பார்க்கிறவர்களுக்கு என்னதான் கிடைக்கிறது?

உங்களுக்குச் சோதனை ஏதோ கிட்ட வருகிறது, டிவியை நிறுத்தச் சொல்லி வீட்டில் ஏச்சு விழுகிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்ன கிடைக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பாதியில் எழுந்து போனால் என்ன போகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். பார்க்காத ஒரு மேட்சுக்காக அரை நாள் சம்பளத்தை இழந்தவன் நான்.

2010 நவம்பர் 3, புதன்கிழமை. வெள்ளிக்கிழமை தீபாவளி. அப்போது திருகோணமலை மத்திய வீதியில் ஒரு புடவைக்கடையில் வேலை. சங்கக்கார தலைமையில் நம் இலங்கை கிரிக்கெட் அணி ஆஸ்திரேலியா போயிருந்தது, மூன்று ஒருநாள் போட்டிகள், முதலாவது மெல்பேர்னில். அங்கே பகலிரவு ஆட்டம் என்பதால் நமக்குக் காலையிலேயே தொடங்கிவிட்டது. திசர பெரேரா ஐந்து விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை 239இல் நிறுத்தியதை அளவுகோலும் கையுமாக நின்றபடி காதால்தான் கேட்டேன். சரி, இது லேசான மேட்ச் என்று நினைத்து, சாப்பாட்டு நேரம் எப்போது விடுவார்கள் என்று காத்திருந்து, விட்டதும் பக்கத்துச் சலூனுக்கு ஓடினேன். தீபாவளிக் கூட்டத்தில் அன்றைக்கு அதுவே இரண்டரை ஆகிவிட்டது.

போய் இருந்ததும் விக்கெட் விழத் தொடங்கியது. என் ராசி என்று சலூன் அண்ணன் சொன்னார். அன்றைக்குத்தான் முதல் ஒருநாள் மேட்ச் ஆடிய டோஹெர்ட்டி என்ற ஒருவன் நான்கு பேரை அனுப்பிவிட்டான். 107க்கு எட்டு. ஐம்பது ஓவரில் பாதிதான் போயிருக்கிறது, இன்னும் 133 வேண்டும், நிற்பது மத்யூஸும் பந்துவீச்சாளர் மலிங்கவும், உள்ளே மிச்சம் இருப்பது இன்னொரு பந்துவீச்சாளர் முரளி, முத்தையா முரளிதரன். அண்ணன் ரிமோட்டை எடுத்துப் படப்பாட்டுக்கு மாற்றிவிட்டார், அங்கே இருந்த ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிளேன்டீயைக் குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பி நல்ல பிள்ளையாகச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு மேல் வெளியே சீனவெடி. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போதே பெடியள் தொடங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சேட்டு எடுக்க வந்த ஒரு தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு "முரளி அடிச்சிட்டாராம்!" என்று கத்தினான். முரளி எதை அடித்தார்? அந்த மனுஷன் பந்து போட்டுத்தானே எங்களுக்குப் பழக்கம்! 800 விக்கெட்டோடு டெஸ்ட்டை விட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. ஒரு அம்மா முன்னால் பாதி மடித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன், அது பிழைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பதாவது விக்கெட்டுக்கு மத்யூஸும் மலிங்கவும் 132 சேர்த்திருக்கிறார்கள். 1983இல் இந்தியாவின் கபில் தேவும் கிர்மானியும் வைத்த 126 ஓட்டச் சாதனை உடைந்துபோனது. மலிங்க 56 அடித்து, ஸ்கோர் சமனாக நிற்கும்போது ரன் அவுட். அப்புறம் முரளி வந்து வாட்சனின் பந்தைக் காலுக்குப் பின்னால் தட்டி நாலு ஓட்டம். ஒரு விக்கெட்டில் வெற்றி. மத்யூஸ் 77, கடைசிவரை நின்றார். நான் சலூனுக்குப் போய்ச் சேரும்போது எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு யூடியூபில் பார்க்கலாமே என்று கீழே யாராவது எழுதுவீர்கள். பார்த்தேன், எத்தனை தரம் என்று கணக்கில்லை. ஆனால் மலிங்க தூக்கி அடிக்கும்போது வயிறு கலங்குவதில்லையே, பிடிக்க மாட்டார்கள் என்று தெரியுமே. இன்னும் சிலர், உள்நாட்டுச் சண்டை முடிந்து ஒன்றரை வருஷத்தில் அந்த அணிக்கா கை தட்டினாய் என்று வருவார்கள். இந்தக் கேள்வியை 2010இலேயே வீட்டுக்குள் கேட்டுவிட்டார்கள் ஐயா. எனக்கு முரளியைப் பிடிக்கும், அணியை எப்படி அவரிலிருந்து பிரிப்பது என்று தெரியவில்லை.

கடைக்குத் திரும்பப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். முதலாளி ஒன்றும் பேசவில்லை. மாதக் கடைசியில் அரை நாள் வெட்டியிருந்தது. தீபாவளி வாரம் முழுக்க இரவு பத்து மணிவரை நின்றோமே, அதற்கு ஒரு சதம் கூட்டித் தரவில்லை, இந்தப் பத்து நிமிஷம் மட்டும் கொப்பியில் ஏறிவிட்டது. வாடிக்கையாளருக்கு மெத்தைக் கதிரை, விற்கிற பிள்ளைகளுக்கு ஒரு வாங்குகூடக் கிடையாது, காலெல்லாம் வீங்கி அழுதிருக்கிறார்கள். பேசாமல் இருந்தோம், அது வேறு கதை.

தீபாவளியன்று சிட்னியில் இரண்டாவது மேட்ச். மழை குறுக்கிட்டு, அதற்கேற்ப இலக்கைத் திருத்தும் டக்வேர்த் லூயிஸ் கணக்கில் 29 ஓட்டத்தால் வென்றோம், ஆஸ்திரேலிய மண்ணில் அவர்களிடமிருந்து எடுத்த முதல் ஒருநாள் தொடர். கோயிலுக்கு வரச் சொல்லி அம்மா மூன்று தரம் கூப்பிட்டும் நான் அசையவில்லை. ஞாயிறு பிரிஸ்பேனில் நம்மவர்கள் 115க்குச் சுருண்டார்கள், அதையும் ஆஸ்திரேலியா அடித்து முடிக்கும்வரை இருந்து பார்த்தேன். பக்கத்தில் அம்மா மட்டும்தான், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தார்.