மூளையில் ரத்தக்கசிவு, இதயத் துடிப்பும் ஒழுங்கில்லை: ஏன் பொட்டாசியம் மட்டும்?

சகோதரி, அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு, ஐசியூ மானிட்டரில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது), ஆனாலும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தராமல் பொட்டாசியம்தான் ஏற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது அலட்சியம் இல்லை. இப்போது அந்த மருந்து கொடுத்தால் கசிவு பெரிதாகலாம். எப்போது தொடங்கலாம் என்பதை ஸ்கேன் பார்த்து நரம்பியல், இதய மருத்துவர்கள் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

மூளை பாதிக்கப்பட்டதும் அட்ரினலின் பொங்கும். அதில் நல்ல இதயம்கூடத் தடுமாறும். ஈசிஜி மாரடைப்பு போலவே காட்டலாம், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறலாம். பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தால் துடிப்பு இன்னும் மோசமாகும். அதனால் பொட்டாசியத்தைப் பெரும்பாலும் 4 mmol/L-க்கு மேல் வைக்கப் பார்ப்பார்கள். துடிப்பு வேகமாக இருந்தால் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மருந்துகள் தருவார்கள், ஆனால் மிகக் கவனமாக. பிரஷர் சரிந்தால் மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும், அதுதான் பெரிய பயம். துடிப்பின் வேகத்தால் பிரஷர் சரிந்தேவிட்டால் மின் ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்வார்கள்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கியூடி இடைவெளி (ஈசிஜியில் தெரியும், ஒரு துடிப்பில் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரம்) எவ்வளவு என்று கேளுங்கள். அது நீண்டிருந்தால் வாந்திக்குப் போடும் ஆண்டான்செட்ரான்கூட ஆபத்தாகலாம். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்களா என்றும் கேளுங்கள். தயங்க வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.