வாசகர் கேள்வி பதில்: ஸ்கீயிங் போறப்ப உள்ள என்ன போடணும்?

கேள்வி: ஜனவரில குல்மார்க்ல ஸ்கீயிங் கோர்ஸ்ல சேர்ந்திருக்கேன், இதுவரைக்கும் பனியையே பார்த்ததில்லை. தி.நகர்ல ரெண்டு செட் தெர்மல் வாங்கி வச்சிருக்கேன், நல்ல தடிமனா உள்ள மெத்துன்னு இருக்கு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கிட்டா குளிர் தாங்குமா?
– வாசகர், சென்னை

பதில்: ரெண்டு வேண்டாம் சார், முதல்ல லேபிளைப் பாருங்க. காட்டன்னு போட்டிருந்தா, இல்ல பாதிக்கு மேல காட்டன்னா, அதை ராத்திரி ரூம்ல தூங்கறப்ப போட்டுக்கங்க, ஸ்லோப்புக்கு மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க. அது மோசமான துணின்னு சொல்லல, டெல்லி குளிருக்கு, ட்ரெயின்ல உக்காந்து போறதுக்கெல்லாம் ரொம்ப நல்லாருக்கும், ஏன்னா அங்க உங்களுக்கு வேர்க்காது. ஆனா ஸ்கீயிங் கத்துக்கற முதல் சில நாள் சறுக்கறதை விட ஏறுறதும் விழறதும்தான் அதிகம், ஸ்கீயைத் தோள்ல தூக்கிட்டு அந்த கனமான பூட்ஸோட நடக்கணும், சரிவுல பக்கவாட்டா ஒவ்வொரு அடியா ஏறணும், விழுந்தா எந்திரிக்கணும், எந்திரிக்கறதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை, கொஞ்ச நேரத்துல முதுகெல்லாம் நனைஞ்சிரும். அப்புறம் இன்ஸ்ட்ரக்டர் அடுத்த ஆளுக்குச் சொல்லிக்குடுக்கற வரைக்கும் சும்மா நிப்பீங்க. குளிர் பிடிக்கறது அப்பதான்.

காட்டன் வேர்வையைக் குடிச்சிட்டு விடவே விடாது, உடம்போட ஒட்டிக்கும். தண்ணி, காத்தை விட கிட்டத்தட்ட 25 மடங்கு அதிகமா சூட்டைக் கடத்தும், அதனால ஈரத்துணி உடம்புல ஒட்டியிருந்தா மேல எவ்வளவு பெரிய ஜாக்கெட் போட்டாலும் உள்ளிருந்தே சூடு போயிட்டே இருக்கும். இதைத்தான் எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்றேன், தோலை ஒட்டிப் போடற துணியோட முக்கியமான வேலை சூடு குடுக்கறது இல்ல, வேர்வையை வெளிய தள்ளி தோலைக் காய வச்சிருக்கறது. சூட்டுக்கு அதுக்கு மேல போட ஃப்ளீஸ் இருக்கு, பாலியஸ்டர்ல செஞ்ச மெத்துன்ன ஸ்வெட்டர் மாதிரி, காத்துக்கும் பனிக்கும் எல்லாத்துக்கும் மேல ஷெல் ஜாக்கெட் இருக்கு.

அதனால ஒண்ணே ஒண்ணு போடுங்க, மெல்லிசா, உடம்பைப் பிடிச்ச மாதிரி. தொளதொளன்னு இருந்தா வேர்வை துணிக்குப் போகாம தோல்லயே நிக்கும், ரொம்ப இறுக்கமா இருந்தா கையைத் தூக்க முடியாது. கழுத்துல ஜிப் வச்சதா கிடைச்சா விடாதீங்க, ஏறுறப்ப திறந்து விட்டுட்டு நிக்கறப்ப மூடிக்கலாம். குல்மார்க் ஊரே 2,650 மீட்டர் உயரம், மேல கூட்டிட்டுப் போற கோண்டோலா, அதாவது கேபிள் கார், ரெண்டாவது கட்டத்துல அபர்வத் மலைப் பக்கம் 4,000 மீட்டரை ஒட்டிப் போயிரும், ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரின்னு குறையறதால கீழ இருக்கறதை விட மேல எட்டு டிகிரிக்கு மேலயே குளிரலாம், கூடவே காத்து வேற. அப்பவும் உள்ள இருக்கறதை மாத்த வேண்டியதில்ல, ஃப்ளீஸை ஒண்ணு கூட்டிக்கங்க. கோர்ஸ்ல கத்துக்கறவங்க பெரும்பாலும் கீழ இருக்கற சரிவுலதான் இருப்பீங்க.

கேள்வி: மெரினோ ஊல் விலையைக் கேட்டாலே தலை சுத்துது. பாலியஸ்டர் போதாதா? ஊல் அரிக்குமே! கஷ்மீர் போறோம், பேசாம பஷ்மினா வாங்கிப் போட்டுக்கலாமான்னு என் தங்கச்சி கேக்கறா.
– வாசகி, கோவை

பதில்: பாலியஸ்டர் தாராளமா போதும்மா. ஜிம்முக்கு, ஓடறதுக்குப் போடற முழுக்கை பாலியஸ்டர் டிசர்ட், திருப்பூர்லயே ஏகப்பட்டது தைக்கறாங்க, அது உங்க வீட்டு பீரோல இருந்தா அதுவே நல்ல பேஸ் லேயர்தான், அதாவது தோலை ஒட்டிப் போடற உள் துணி. பாலியஸ்டர் நூல் தன் எடைல ஒரு சதவீதம் ஈரம்கூட உறிஞ்சாது, அதனால சீக்கிரம் காயும், ராத்திரி பாத்ரூம்ல அலசிப் போட்டா காலைல போட்டுக்கலாம். ஒரே குறை நாத்தம், ஒரு நாள் வேர்த்தாலே தெரிஞ்சிரும்.

மெரினோங்கறது அந்தப் பேர் உள்ள செம்மறி ஆட்டோட ரோமம், அது வேற மாதிரி வேலை செய்யுது. நூலுக்குள்ளயே தன் எடைல சுமார் 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை வாங்கி வச்சுக்கும், ஆனா தொட்டா ஈரம்னு தெரியாது, அப்படி ஈரத்தை வாங்கறப்ப கொஞ்சம் சூட்டையும் வெளிய விடும். ரெண்டு மூணு நாள் போட்டாலும் நாறாது. நல்ல மெரினோ இழையோட தடிமன் 19 மைக்ரானுக்குள்ள இருக்கும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அவ்வளவு மெல்லிசுங்கறதால தோல்ல பட்டதும் வளைஞ்சு குடுத்திரும், அரிக்கறதெல்லாம் 30 மைக்ரானுக்கு மேல இருக்கற முரட்டு ஊல்தான். வாங்கறதா இருந்தா ஒரு சதுர மீட்டருக்கு 150 இல்ல 200 கிராம் எடை போட்டதா பாருங்க, 250 ரொம்ப குளிருக்கு, இல்ல சீக்கிரம் குளிர் ஏறுறவங்களுக்கு. கொஞ்சம் நைலான் கலந்திருந்தா பயப்படாதீங்க, அது சீக்கிரம் ஓட்டை விழாம இருக்கறதுக்குத்தான். காசு கொஞ்சம்தான் இருக்குன்னா மேலுக்கு மட்டும் மெரினோ, காலுக்கு பாலியஸ்டர், நான் சொல்றது இதுதான்.

பஷ்மினா 12லருந்து 16 மைக்ரான், ரொம்ப மெத்துன்னு இருக்கும், ஆனா வேர்வைலயும் பையோட வார் உரசறதுலயும் பாழாயிரும். தங்கச்சியை சால்வையாவே வாங்கச் சொல்லுங்க, ஊருக்கு வந்து கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கட்டும்.

கேள்வி: என்ர மகளுக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடத்தால ஸ்கீயிங் கூட்டிக்கொண்டு போகினம். பிள்ளைக்குக் குளிரப்போகுதெண்டு நான் ரீசேர்ட், அதுக்கு மேல தெர்மல், அதுக்கு மேல ரெண்டு ஸ்வெற்றர் எண்டு போட்டு விட நினைக்கிறன். அவள் அழுறாள். எது சரி?
– வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்: பிள்ளை சொல்றதுதான் சரிங்க அக்கா. அந்த டிசர்ட் காட்டன்னா முதல்ல அதை எடுத்துருங்க, தெர்மல் நேரா தோல்லதான் படணும், நடுவுல காட்டன் வந்தா தெர்மல் எவ்வளவு நல்லதா இருந்தும் வேலை செய்யாது. தெர்மல் ஒண்ணு, ஃப்ளீஸ் ஒண்ணு, மேல ஸ்னோ சூட். ரொம்ப திணிச்சு விட்டா குழந்தைக்குக் கையைக் காலை அசைக்க முடியாது, அசையாட்டி குளிரும், பஸ்ல போறப்பவே வேர்த்தும் போயிரும். ஒண்டாரியோல மலைங்க உயரம் கம்மி, சறுக்கி இறங்கறது கொஞ்ச நேரம், மேல தூக்கிட்டுப் போற கம்பி நாற்காலி, அந்த சேர்லிஃப்ட்ல காத்துல உக்காந்திருக்கறது அதை விட அதிகம், அதனால மைனஸ் பதினஞ்சுக்குக் கீழ போற நாள்ல மட்டும் கொஞ்சம் தடிமனான தெர்மல் போட்டு விடலாம். ஸ்கார்ஃப் கட்டி விடாதீங்க, லிஃப்ட்ல மாட்டிக்கிற ஆபத்து இருக்கு, கழுத்துக்குக் குழாய் மாதிரி மாட்டற துணி கிடைக்கும், அது போதும். பையில இன்னொரு தெர்மலும் சாக்ஸும் வச்சு, மத்தியானம் சாப்பிடறப்ப ஈரமா இருந்தா மாத்திக்கோன்னு சொல்லி அனுப்புங்க.

கேள்வி: போன வருஷம் உத்தராகண்ட்ல இருக்கற ஔலில வாடகை பூட்ஸ் போட்டு முன்னங்கால் எலும்பு ரெண்டு நாள் வலி. பூட்ஸ் சைஸ் தப்பா, தெர்மல் தப்பா?
– வாசகர், பெங்களூரு

பதில்: சைஸும் காரணமா இருக்கலாம், ஆனா முதல்ல தெர்மல் பேன்ட் பூட்ஸுக்குள்ள போயிருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்கீ பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக், நாம முன்னாடி சாயறப்ப முழு எடையும் முன்னங்கால்ல விழும், அந்த இடத்துல துணி மடிப்பு ஒண்ணு இருந்தா போதும், அல்லது தையல், நாள் பூரா அதையே குத்திட்டு இருக்கும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழயே முடியற முக்கால் பேன்ட் ஸ்கீயிங்குக்குன்னே விக்கறாங்க, கிடைக்கலைன்னா உங்ககிட்ட இருக்கறதையே பூட்ஸ் விளிம்புக்கு மேல சுருக்கமில்லாம ஏத்தி விடுங்க. பூட்ஸுக்குள்ள முழங்கால் வரைக்கும் வர்ற மெல்லிசான சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. ரெண்டு ஜோடி போட்டா பூட்ஸ் இறுகி ரத்தம் ஓடாது, விரல் இன்னும் சில்லுன்னு ஆயிரும்.

கேள்வி: மெரினோவை வாஷிங் மெஷின்ல போடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: லேபிள்ல இருந்தா போடலாம், பச்சைத் தண்ணி, மென்மையான சைக்கிள். ப்ளீச் மட்டும் கூடவே கூடாது, ஊல் கரைஞ்சே போயிரும். ஹேங்கர்ல தொங்க விடாம நிழல்ல துண்டு மேல பரப்பிக் காய வைங்க. பாலியஸ்டர் செட் துவைக்கறப்ப ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊத்தாதீங்க, நூல் மேல படிஞ்சு வேர்வையை இழுக்கற குணமே போயிரும்.