எதற்கு முதலில் பணம்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை மூடியதைக் கண்டித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை ஆண்டுகளாகக் கொட்டிய பணத்தில் எந்த ஏழை நாடு பணக்கார நாடாகிவிட்டது? மருந்து, கொசுவலை என்று காலமெல்லாம் கொடுப்பதைவிடக் கல்விக்குக் கொடுத்தால் அவர்களே எழுந்து நிற்க மாட்டார்களா? இல்லை, சாலை, மின்சாரம், தொழில் என்று வளர்ச்சிக்கே கொடுத்தால் மற்ற இரண்டும் பின்னாலேயே வந்துவிடாதா? பணம் குறைந்துகொண்டே போகிற இந்த நேரத்தில் நீங்கள் எதற்கு முதலிடம் கொடுப்பீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வதில் பாதி சரி. உதவிப் பணத்தாலேயே பணக்கார நாடானது என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. தென்கொரியாவைச் சொல்வார்கள். ஒரு காலத்தில் கைநீட்டி வாங்கிய நாடு 2010ல் கொடுக்கிற நாடுகளின் குழுவில் உறுப்பினரானது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தூக்கி நிறுத்தியது நிலச் சீர்திருத்தமும் ஏற்றுமதியும் பிடிவாதமான அரசும். வியட்நாமும் 1986ல் தன் பொருளாதாரக் கொள்கையை மாற்றிக்கொண்ட பிறகுதான் ஓட ஆரம்பித்தது. இந்த முடிவுகளை வெளியிலிருந்து யாரும் விலைகொடுத்து வாங்கித் தர முடியாது. அதற்கான பணமும் இல்லை. 2023ல் உலகம் முழுவதும் அரசுகள் கொடுத்த உதவி சுமார் 22,300 கோடி டாலர், தங்கள் நாட்டுக்கு வந்த அகதிகளுக்குச் செலவழித்ததையும் அதில்தான் சேர்த்துக் கணக்கு காட்டுகிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் வளரும் நாடுகளில் உள்ள வீடுகளுக்கு அனுப்பும் பணம் ஏறக்குறைய இதைப்போல மூன்று மடங்கு. வளர்ச்சிக்கு உதவ வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிற நாடு விசாவையும் சந்தையையும் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும். அதைக் கேட்டால்தான் எல்லோரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

அதனால் என் முதலிடம் நலவாழ்வுக்கு. வளர்ச்சியைவிட அது பெரியது என்பதால் இல்லை, வெளியாரின் பணம் அங்கேதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதால்.

நரம்புச் சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்து நீரைக் குடித்து ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, காலில் கொப்புளம் கிளம்பி, அதை உடைத்துக்கொண்டு ஒரு மீட்டர் நீளப் புழு வெளியே வரும். சட்டென்று இழுத்தால் அறுந்துவிடும் என்பதால் ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் வெளியே எடுப்பார்கள். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு அங்கேயே குஞ்சுகளைக் கொட்டிவிடும், அப்புறம் அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கும் வரும். அறுவடை நேரத்தில் இது வந்தால் அந்த வருட விளைச்சல் போச்சு, பிள்ளைக்கு வந்தால் பள்ளிக்கூடம் போச்சு. தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக்கொடுத்து, புழு வந்தவரை நீர்நிலையில் இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டு, 1986ல் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோயை 2024ல் 15 பேருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் பிரித்துக் கேட்ட மூன்றும் அந்த ஒரு காலில் இருக்கிறது, இல்லையா?

கல்விக்கு வருகிறேன். நான் எதிரி இல்லை, ஆனால் 'கல்விக்குக் கொடு' என்றால் கட்டடமும் புத்தகமும்தான் வந்து நிற்கும், புகைப்படம் எடுக்க வசதி. 1990களில் மேற்குக் கென்யாவில் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள், மற்றவர்களிடம் மாற்றமே இல்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. மலாவி 1994ல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியதும் சுமார் பத்து லட்சம் பிள்ளைகள் கூடுதலாக வந்து குவிந்தார்கள். வகுப்பறைக்கும் ஆசிரியருக்கும் எங்கே போவது? வருகைப் பதிவேடு நிரம்பியது, வாசிப்பு வரவில்லை. இதில் ஓரளவு பலன் தருவது, தினமும் ஓரிரு மணி நேரம் வயதைப் பார்க்காமல், எழுத்து தெரிந்தவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது. செலவு அதிகமில்லை. இதற்குப் பணம் கேட்டால் நானும் கைதூக்குவேன்.

'காலமெல்லாம் கொடுப்பதா' என்ற உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. 2003ல் ஜார்ஜ் புஷ் தொடங்கிய, ஏழை நாடுகளுக்கு எய்ட்ஸ் மருந்து கொடுக்கும் திட்டம் 2.5 கோடி உயிர்களைக் காப்பாற்றியதாக அமெரிக்க அரசே கணக்கு சொல்கிறது. ஆனால் அந்த மாத்திரையை நாள்தோறும் விழுங்க வேண்டும், நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் மறுபடி பெருகும். கொடுப்பவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதை யுஎஸ்எய்டை மூடிய 2025ல் பார்த்தோம். படிப்படியாகக் கைமாற்றிவிட்டு விலகுவது வேறு, ஒரு கையெழுத்தில் விளக்கை அணைப்பது வேறு. நான் கண்டித்தது இரண்டாவதை.

கைமாற்றுவதற்கு வழி இருக்கிறது. ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்கித் தரும் கேவி என்ற கூட்டணியில் மிக ஏழை நாடும் ஒரு டோஸுக்கு 20 சென்ட் போட வேண்டும், வருமானம் ஏற ஏறப் பங்கும் ஏறும், ஒரு கட்டத்தில் முழு விலையும் அந்த நாட்டின் பட்ஜெட்டிலேயே வந்துவிடும். அங்கே வாங்கிக்கொண்டிருந்த இந்தோனேசியா 2024ல் அதே கூட்டணிக்கு 3 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. எய்ட்ஸ் மருந்துக்கும் முதல் நாளிலிருந்தே இப்படி ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கலாம்.

அன்புடன்.