செக்கு வாங்கும் முன்: சிறுதொழில் கேள்வி–பதில்

கேள்வி: ஊரில் சொந்த இடம் இருக்கிறது. மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க ஆசை. இந்த வாரமே முன்பணம் கட்டினால் விலையைக் குறைத்துத் தருவதாக இயந்திரம் விற்பவர் சொல்கிறார். வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: கட்டாதீர்கள். வங்கிக் கடனோடு மானியம் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் (பி.எம்.இ.ஜி.பி.) புதுத் தொழிலுக்குத்தான். கடன் ஒப்புதலுக்கு முன்பே செக்கு ஓட ஆரம்பித்துவிட்டால் அது "ஏற்கெனவே நடக்கும் தொழில்" ஆகிவிடும், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இயந்திரத்துக்கு விலைப்புள்ளி மட்டும் வாங்கிக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். திட்டத்துக்கு இந்த ஆண்டு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

கிராமப்புறத்தில் பெண்களுக்கு 35 சதவீத மானியம் என்றதும் பலர் அந்தப் பணம் கைக்கு வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். வராது. வங்கியில் உங்கள் பெயரில் 3 ஆண்டு வைப்பாகக் கிடந்து, பிறகு கடனில் கழியும். ஆகவே மானியத்தை நம்பி யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டாம். திட்ட அறிக்கையில் இயந்திரத்தை மட்டும் காட்டாமல் நடைமுறை மூலதனத்தையும் சேர்த்துக் காட்டுங்கள், விதி அனுமதிக்கிறது. செக்கு வந்து இறங்கியபின் கடலை வாங்கக் காசில்லாமல் பூட்டிக் கிடக்கும் கொட்டகைகள் நிறைய.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. 100 கிலோ நிலக்கடலைப் பருப்பு வாங்கி, பக்கத்து ஊர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டிப் பாருங்கள். இரண்டரை கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் என்பது செக்குக்காரர்கள் கைக்கணக்கு, அதாவது 100 கிலோவுக்கு 40 லிட்டர். இயந்திரம் விற்பவர் 45 என்பார். இந்த 5 லிட்டரில்தான் கணக்கு கவிழும்.

பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வையுங்கள், 13,000 ஆயிற்று. பிண்ணாக்கு 55 கிலோவை 40 ரூபாய்க்கு விற்றால் 2,200 திரும்பும். மீதி 10,800. ஆள்கூலியும் மின்சாரமும் 900, பாட்டில், மூடி, லேபிள் லிட்டருக்கு 12. நாற்பது லிட்டர் என்றால் அடக்கம் லிட்டருக்கு 305 ரூபாய், 45 என்றால் 272. அவர் பேச்சை நம்பி விலை வைத்தால் ஒவ்வொரு லிட்டரிலும் 33 ரூபாய் கைவிட்டுப் போகும். மாதம் 500 லிட்டர் விற்றால் 16,500. கடன் தவணை, வண்டிச் செலவு, கடைக்காரர் கமிஷன் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

பருப்பில் ஈரம் இருந்தால் எண்ணெய் இன்னும் குறையும், பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், பொறுக்கித் தள்ளாமல் ஆட்டக் கூடாது. சேமிப்பதானால் உடைத்த பருப்பாக வேண்டாம், காயாகவே வையுங்கள். பருப்பு சீக்கிரம் காறல் அடித்துவிடும்.

லேபிளில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். லிட்டர் பாட்டிலில் நிரப்பி "1 கிலோ" என்று ஒட்டினால் 90 கிராம் எடைக்குறைவு, எடையளவுச் சட்டப்படி குற்றம். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகி இருக்க வேண்டும்.

கேள்வி: தினம் 120 பாக்கெட் இட்லி மாவு கடைகளுக்குப் போடுகிறேன். வியாபாரம் நன்றாகத்தான் போகிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. பாக்கெட் உப்பிப்போய்த் திரும்பி வருவதும் உண்டு.
– வாசகர், மதுரை

பதில்: ஒரு பாக்கெட்டைக் கடைக்கு 35 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள், அடக்கம் 27 என்று கொள்வோம். நாள் லாபம் 960. இதில் 12 பாக்கெட் திரும்பினால் 420 ரூபாய் போச்சு, மிஞ்சுவது 540. பத்தில் ஒன்று திரும்பியதற்கு லாபத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காணாமல் போகிறது. அதோடு 15 நாள் கடன் கொடுத்தால் 63,000 ரூபாய் எப்போதும் கடைகளிடமே நிற்கும். "நேற்றைய பாக்கெட்டுக்குக் காசு கொடுத்தால் இன்றையது" என்று மாற்றுங்கள். ஒத்துவராத கடையை விட்டுவிடலாம், 80 பாக்கெட் ரொக்கம் 120 பாக்கெட் கடனைவிட மேல்.

உப்புவதற்குக் காரணம் புளிப்பு வாயு. கிரைண்டர் சூட்டில் மாவு வெதுவெதுப்பாகிவிட்டால் புளிப்பு முந்திக்கொள்ளும். ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள், அரைத்த கையோடு பாக்கெட் போட்டு 5 டிகிரிக்குள் குளிர வையுங்கள். அப்படியும் குறிப்பிட்ட ஒரு கடையிலிருந்தே உப்பி வந்தால் மாவைக் குறை சொல்ல வேண்டாம், அங்கே இரவில் ஃபிரிட்ஜை அணைக்கிறார்களா என்று பாருங்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து பலர் அணைக்கிறார்கள்.

வீட்டு இணைப்பிலேயே கிரைண்டர் ஓடுகிறதா? 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவுப்படி இரு மடங்கு கட்டணம் போடலாம், எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சரியான கட்டண வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்கு 2,500 ரூபாய் கேட்கிறார்கள். அவசியமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: பதிவு அவசியம், பணம் அநாவசியம். அரசுத் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொடுத்தால் இலவசமாகவே முடியும். பார்த்தால் அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள்தான் காசு கேட்கின்றன.

சரக்கு அனுப்பத் தொடங்கும் முன்பே பதியுங்கள். பெரிய நிறுவனங்கள் பணத்தை இழுத்தடிக்கும்போது கைகொடுப்பது இதுதான். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் "வங்கி விகிதம்" (Bank Rate) என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டுவட்டி. தயாரிப்பாளருக்கும் சேவை தருபவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு, வாங்கி விற்பவருக்கு இல்லை.

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து தொடங்குகிறோம். பத்திரம் எழுதினால் போதுமா, பதிய வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பதியுங்கள். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் 69ஆவது பிரிவுப்படி, பதியாத நிறுவனம் பாக்கி வைத்தவர் மேல் ஒப்பந்தப்படி வழக்குப் போட முடியாது. தினமும் கடையில் நிற்பவருக்குச் சம்பளம் எவ்வளவு, லாபப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்திலேயே தனித்தனியாக எழுதுங்கள். விலகுபவரின் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.