கலை: கேள்வியும் பதிலும்

கேள்வி: ரஷ்ய ஓவியர் இல்யா ரேப்பினின் 'கொடுங்கோலன் இவானும் மகன் இவானும்' ஓவியம் கத்திக்குத்துப் பட்டபோது ரேப்பினே வந்து சரிசெய்தாராம். அதை வேறொருவர் துடைத்துப் போட்டது நியாயமா?

பதில்: நியாயம்தான் என்பேன். படம் 1885-இல் வரைந்தது. 1913 ஜனவரியில், மாஸ்கோவின் ட்ரெத்யாக்கோவ் கலைக்கூடத்தில், பலஷோவ் என்ற ஆள் முகங்களின் மீது மூன்று கீறல் போட்டான். கிழிந்த துணிக்குப் பின்னால் புதுத் துணி கொடுத்து ஒட்டினார்கள். கீறலோரம் உதிர்ந்த வண்ணத்தை நிரப்புவது மட்டும்தான் பாக்கி. ரேப்பினோ ஜார் மன்னன் இவானின் தலையையே புதிதாகத் தீட்டிவிட்டு ஊர் திரும்பினார். 28 வருஷத்தில் அவர் கையே மாறியிருந்தது. அப்போது அவருக்குப் பிடித்துப்போயிருந்த ஊதாச் சாயல் பழைய வண்ணங்களோடு சேரவில்லை.

கலைக்கூடப் பொறுப்பாளர் ஈகோர் கிராபர் அதை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். எண்ணெய் வண்ணம் சட்டென்று காயாது. பச்சையாக இருக்கும்போது மண்ணெண்ணெய்க்கு இளகிவிடும். அடியில் 28 வருஷம் இறுகிய வண்ணம் அசையாது. விட்டு வைத்திருந்தால் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. பிறகு, கீறிய இடங்களை மட்டும் நீர்வண்ணத்தால் நிரப்பி மேலே வார்னிஷ் பூசினார். நாளைக்கு இன்னொருவர் எடுக்க நினைத்தால் நீர்வண்ணம் அடிப்படத்தைக் கெடுக்காமல் வந்துவிடும். எண்ணெய் வண்ணம் வராது. பின்னர் வந்து வெகுநேரம் பார்த்த ரேப்பின் குறையேதும் சொல்லவில்லையாம்.

2018 மே மாதம் அதே படம் மறுபடி அடி வாங்கியது. ஒருவர் கம்பத்தால் அடித்ததில் கண்ணாடி நொறுங்கி, துணி மூன்று இடத்தில் கிழிந்தது. முகமும் கைகளும் தப்பின.

கேள்வி: ரேப்பின் இடக்கைக்காரரா?

பதில்: இல்லை. வலக்கை வலுவிழந்த பின் இடக்கைக்கு மாறினார். அங்கேதான் சங்கடம்: வண்ணத்தட்டு பிடிக்கிற கையே தூரிகை பிடிக்கப் போய்விட்டது. தட்டை வாரால் உடம்போடு கட்டிக்கொண்டு வரைந்தார். 1930-இல் இறக்கும்வரை பீட்டர்ஸ்பர்க் பக்கத்துக் குவோக்கலாவில் இருந்தார். அந்த ஊருக்கு இப்போது ரேப்பினோ என்று பெயர்.

கேள்வி: 'வோல்காவில் படகிழுப்போர்' படத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பதினொரு பேரின் மார்பில் அழுந்தும் வாரை. முன்னால் தலையில் துணி கட்டியவர் கானின். பாதிரியார் வேலை போனவர். நடுவில் இருக்கும் பையன் மட்டும் வாரைத் தளர்த்தப் பார்க்கிறான். படம் பார்ப்பவர்கள் எல்லோரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்க வாய்த்தால், வலது ஓரத்துத் தொடுவானத்தையும் பாருங்கள்: சின்னதாக ஒரு நீராவிக்கப்பல், புகை விட்டுக்கொண்டு.