ஆன்லைனில் வாங்கிய வாக்கி டாக்கிக்கு லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: மதுரையில் கல்யாண நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்து தருகிறேன். மண்டப வாசலில் நிற்பவரும் சமையல்கட்டில் இருப்பவரும் பேசிக்கொள்ள ஆன்லைனில் 6 வாக்கி டாக்கி வாங்கினேன். போன வாரம் ஒரு எஸ்.ஐ. அதைப் பார்த்துவிட்டு, "லைசென்ஸை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார். பில் இருக்கிறது, அது போதாதா?

பதில்: போதாது. நீங்கள் அதைத் திருடவில்லை என்பதற்குத்தான் பில் சாட்சி. 1933-ஆம் ஆண்டு இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் வாக்கி டாக்கி போன்ற டிரான்ஸ்மிட்டரை (ரேடியோ அலையை அனுப்பும் கருவியை) வைத்திருப்பதே குற்றம், பேசியிருக்கக்கூட வேண்டாம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பக்கத்திலேயே சிறையும் இருக்கிறது.) 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் பகுதி பகுதியாக அமலுக்கு வருகிறது. அதிலும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்பது மாறவில்லை.

ஆனால் ஒரு வழி உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2018 விதிகள் லைசென்ஸிலிருந்து விலக்கு தருகின்றன. அந்தக் கருவிக்கும் ஈடிஏ எனப்படும் வகை ஒப்புதல் (அந்த மாடலுக்கு அரசு தரும் சான்று) வேண்டும். ஆகவே முதலில் செட்டின் பின்பக்க லேபிளையும் கையேட்டையும் பாருங்கள். அலைவரிசையை நாமே மாற்றிக்கொள்ளும் செட் என்றால் விலக்கைப் பெரிதாக நம்ப வேண்டாம். போலீஸ் அலைவரிசை வரை போகக்கூடிய செட்டுகளும் சந்தையில் இருக்கின்றன, எஸ்.ஐ.யின் கவலை அதுவாகத்தான் இருக்கும்.

விலக்கில் வந்தால் லேபிள் படம், ஈடிஏ நகல், பில் ஆகியவற்றோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். வராவிட்டால் இன்றே பயன்பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு வக்கீலோடு போங்கள். செட்டுகளை நண்பர் வீட்டில் கொடுத்து வைப்பது, விற்றுவிடுவது இரண்டும் வேண்டாம். குற்றம் கைமாறும், போகாது. போலீஸ் எடுத்துக்கொண்டால் ரசீது கேட்டு வாங்குங்கள். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) தேர்வு எழுதினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அந்த லைசென்ஸ் பொழுதுபோக்குக்குத்தான், வியாபாரத்துக்குச் செல்லாது. தொழிலுக்கென்று வேண்டுமானால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இனிமேல் வாங்கும் லைசென்ஸ், இதுவரை வைத்திருந்ததை நியாயப்படுத்தாது.

அப்புறம், விற்றவரையும் விடாதீர்கள். அலைவரிசை, லைசென்ஸ் தேவை, ஈடிஏ விவரங்களைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. விற்பனைப் பக்கத்தை நீக்கிவிடுவதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள்.